ஏழரை மாவுக்கு 17,000 ரூபாய்

2024 டிசம்பர்ல ஒரு நாள் காலையில டீக்கடையில உட்கார்ந்திருந்தேன். டிவியில கீழே எழுத்து ஓடுது. பெஞ்சல் புயலில் 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிப் பக்கம் வயலெல்லாம் ஏரியாக் கிடக்குற படத்தையும் கூடவே காட்டுறாங்க. பக்கத்துல இருந்த தெற்குத் தெரு பெரியப்பா கேட்டார்:

"ஏம்ப்பா, ஹெக்டேர்னா நம்ம கணக்குல எத்தினி மா?"

"ரெண்டரை ஏக்கர்ங்க பெரியப்பா. ஏழரை மா வரும்."

"ஏழரையா? பேரைக் கேட்டப்பவே தெரிஞ்சிருக்கணும்" என்றார். கடையே சிரித்தது.

சிரிப்பு அடங்கினதும் ஒரு பழைய பேப்பர் ஓரத்துல வகுத்துப் பார்த்தோம். சரியாச் சொன்னா ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். 17,000-ஐ அதால வகுத்தா ஏக்கருக்கு 6,880 ரூபாய். நூறு குழி ஒரு மா, மூணு மா ஒரு ஏக்கர். ஆக மாவுக்கு 2,300 ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி. பெரியப்பா பேப்பரைத் திருப்பி என்கிட்டயே கொடுத்துட்டார். "நடவும் ஒரு களையும் எடுத்தாலே இதைத் தாண்டிருமேப்பா" என்றார். அப்ப யாரும் சிரிக்கல.

டிவியில 17,000-ன்னு கேட்கும்போது பட்டணத்துல இருக்குறவங்களுக்குப் பெரிய தொகையாத் தெரியும். "விவசாயிக்குத்தான் அள்ளிக் குடுக்குறாங்களே" என்று திருப்பூர்ல இருக்குற என் தம்பியே போன் போட்டுக் கேட்டான். அவனும் வயல்ல பிறந்து வளர்ந்தவன்தான். எங்க ஊர்ல யாரும் ஹெக்டேர்ல விவசாயம் பண்றதில்ல. குத்தகை பேசுறது மாவுல, உழவு கூலி கொடுக்குறது மாவுல, உரம் போடுறது ஏக்கர்ல. நட்டத்தை மட்டும் ஹெக்டேர்ல சொல்றாங்க.

அரசாங்கம் கொடுக்கலைன்னு நான் சொல்ல வரல. கொடுக்குறாங்க. எந்தக் கட்சி ஆண்டாலும் ஏதோ கொடுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. என் சண்டை அளவுகோல் மேல. நிவாரணத்துக்கு அவங்க வச்சிருக்கிற அளவுகோல் காகிதத்துல இருக்குற நிலத்தை அளக்குது. அந்த நிலத்துல காசையும் உழைப்பையும் போட்டவனை அளக்கல. தொகை, 33 சதவீதம், பட்டா என்று ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க, எல்லாத்துலயும் இந்தக் கோளாறுதான் இருக்கு.

முதல்ல தொகை. 2023-ங்கிற ஒரே வருஷத்தை எடுத்துக்குங்க. பிப்ரவரி முதல் வாரம் பருவம் தவறி மழை. டெல்டாவுல அறுக்கத் தயாரா நின்ன சம்பாவும் தாளடியும் படுத்துப்போச்சு. அப்ப அறிவிச்சது ஹெக்டேருக்கு 20,000. அதே வருஷம் ஜூன் 12-ல மேட்டூர் திறந்தாங்க, நம்பிக் குருவை போட்டோம். கர்நாடகத்துலேருந்து தண்ணி வரல, கடைமடையில பயிர் கருகுச்சு. அக்டோபர்ல அறிவிச்சது ஹெக்டேருக்கு 13,500. டிசம்பர்ல மிக்ஜாம் புயல். அதுக்கு 17,000. அதே நெல், அதே ஹெக்டேர், ஒரே வருஷம், மூணு ரேட்டு.

மழையில அழுகின நெல்லுக்கும் வெயில்ல காய்ஞ்ச நெல்லுக்கும் நாங்க போட்ட காசு ஒண்ணுதானே? விதை விக்கிறவன் "இது காயப்போற பயிர், அதனால விலை கம்மி" என்றா கொடுத்தான்? இன்னொண்ணு கேளுங்க. மத்திய அரசு பேரிடர் நிவாரண நிதிக்கான விதிமுறையை 2022 அக்டோபர்லயே மாத்திடுச்சு. பாசன நிலத்துக்கு 13,500 இருந்ததை 17,000 ஆக்கினாங்க. மானாவாரிக்கு 8,500. தென்னை மாதிரி பல்லாண்டுப் பயிருக்கு 22,500. அது வந்து ஒரு வருஷம் கழிச்சும் எங்க குருவைக்குப் பழைய 13,500-தான். ஏன்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இல்ல.

20,000 என்கிறது 2023-ல புதுசா வந்ததும் இல்ல. நிவர், புரெவி புயலுக்கு 2021 தொடக்கத்துல அப்ப இருந்த ஆட்சியும் ஹெக்டேருக்கு 20,000 அறிவிச்சுது. சட்டசபைத் தேர்தலுக்கு மூணு நாலு மாசம் இருந்த சமயம். நான் வேற ஒண்ணும் சொல்லல. ரேட்டு ஏறுது, இறங்குது, மறுபடி ஏறுது. எதை வச்சு ஏறுதுங்கிறதை மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க.

இப்ப என் நோட்டுக்கு வருவோம். நான் ரெண்டு ஏக்கர் பார்க்குறேன். செலவை எழுதி வைக்கிற பழக்கம் அப்பா சொல்லிக்கொடுத்தது. 2022-23 சம்பாவுக்கு ஒரு ஏக்கருக்கு நான் எழுதி வச்சது: உழவு 3,600. விதை, நாத்தங்கால் 1,800. நடவு 5,500. களை 2,500. உரம் 5,000. பூச்சி மருந்து 2,500. வரப்பு வெட்டு, தண்ணி பார்க்குறது எல்லாம் 1,600. கூட்டினா 22,500 ரூபாய். இதுல நானும் வீட்டுக்காரியும் வயல்ல கிடந்த நாளுக்குக் கூலி சேர்க்கல. நகை வச்ச கடனுக்கு வட்டி சேர்க்கல.

பிப்ரவரி மழை விட்டதும் அறுக்க இறங்கினா, நின்ன பயிரை ஒரு மணி நேரத்துல அறுக்குற மிஷின், சேத்துல படுத்துக் கிடந்ததை அறுக்க ரெண்டரை மணி நேரம் எடுத்துக்கிச்சு. மணிக்கு 2,500. அதுவே 6,250. ஆக 28,750. முப்பது மூட்டை காணுற ஏக்கர்ல பதினோரு மூட்டை கண்டுச்சு. அதுலயும் பாதி முளை விட்ட நெல்லு. கொள்முதல் நிலையத்துல 17 சதவீதம் ஈரப்பதம்தான் கணக்கு. ரோட்டுல கொட்டி, கிளறி, மறுபடி தார்ப்பாய் போட்டு மூடி, மறுபடி கிளறி, கடைசியில பாதியை வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டேன்.

இதுக்கு வந்த நிவாரணம் ஏக்கருக்கு 8,100 ரூபாய்க்குப் பக்கம். அதுவும் அந்த நல்ல ரேட்டான 20,000-ல. நான் போட்ட செலவுல மூணுல ஒரு பங்குகூட இல்ல. நெல் தரிசுல உளுந்து தெளிச்சிருந்தவங்களுக்கு ஹெக்டேருக்கு 3,000 அறிவிச்சாங்க. மாவுக்கு வகுத்தா 405 ரூபாய்.

அரசாணையில இதுக்கு வச்சிருக்கிற பேரு இடுபொருள் மானியம். இழப்பீடுன்னு எங்கேயும் சொல்றதில்ல. வருமானம் போனதுக்குத் தரல, அடுத்த வெள்ளாமைக்கு விதை, உரம் வாங்கக் கை கொடுக்குறோம், அவ்வளவுதான்னு அர்த்தம். சரி, அப்படியே வச்சுக்குவோம். இடுபொருளுக்காவது காணுதா? உழவு, விதை, உரம், மருந்து இந்த நாலை மட்டும் என் நோட்டுல கூட்டிப் பாருங்க. 12,900 வருது. பேருக்குச் சொன்ன கணக்குக்கே காணல. பணம் கணக்குல ஏறினது எப்போ தெரியுமா? நான் குருவைக்கு நாத்து விட்ட பிறகு. அடுத்த வெள்ளாமைக்கான காசு, அடுத்த வெள்ளாமை தொடங்கின பிறகு வந்துச்சு.

ரெண்டாவது, இந்த 33 சதவீதம். முன்னாடி 50 சதவீதம் சேதமானாத்தான் நிவாரணம்னு இருந்துச்சு. 2015-ல அதை 33-ஆக் குறைச்சாங்க. நல்ல காரியம், அதை நான் மறுக்கல. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. 32 சதவீதம் போனா ஒண்ணும் கிடையாது. 33 போனா முழுத் தொகை. நூத்துக்கு நூறு போனாலும் அதே தொகைதான். மொத்தமா மூழ்கி ஒரு மணி நெல்லுகூட எடுக்காதவனுக்கும், மூணுல ரெண்டு பங்கு வீடு கொண்டுவந்தவனுக்கும் ஒரே செக்.

இந்த 33-ஐ எப்படி அளக்குறாங்க? கண்ணால. வி.ஏ.ஓ.வும் வேளாண்மை அலுவலரும் சேர்ந்து வந்து வரப்புல நின்னு பார்த்துட்டு எழுதிக்கிட்டுப் போவாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. எங்க வி.ஏ.ஓ. பக்கத்து ஊரையும் சேர்த்துப் பார்க்குறவர். ரெண்டு ஊரு வயலையும் பத்து நாள்ல நடந்து பார்க்கணும்னா எந்த மனுஷனால முடியும்? ரோட்டோரத்து வயலைப் பார்ப்பாங்க. உள் வயலுக்கு "எல்லாம் இப்படித்தானே" என்று எழுதுவாங்க. ரோட்டோரம் மேடு, உள்ளே பள்ளம். பள்ளத்துக்காரன் தலையெழுத்தை மேட்டைப் பார்த்து எழுதினா எப்படி இருக்கும்?

இதைவிடக் கொடுமை காத்திருப்பு. படுத்த பயிரை உடனே அறுத்தா முளைக்காம கொஞ்சமாவது தேறும். ஆனா அறுத்துட்டா, கணக்கெடுக்க வர்றவங்க "பாதிப்பு எங்கே?" என்பாங்க. அறுக்காம விட்டா மூணாம் நாள் கதிர்ல முளை. அந்த பிப்ரவரியில நான் அஞ்சு நாள் காத்திருந்தேன். தினமும் காலையில போய் கதிரைத் தூக்கிப் பார்ப்பேன். அஞ்சாம் நாள் பச்சை முளை அரை விரல் நீளம். அதிகாரிங்க வந்தது ஆறாம் நாள். பார்த்துட்டு "ஏன் அறுக்காம விட்டீங்க?" என்று கேட்டார் ஒருத்தர். நான் பதில் சொல்லல. வீட்டுக்காரிதான் சொன்னா: "உங்களுக்குக் காட்டத்தான் சார் வச்சிருந்தோம்."

மூணாவது விஷயத்துக்கு வர்றேன். இதை எழுத உட்கார்ந்ததே இதுக்காகத்தான். நிவாரணம் யாருக்குப் போகுது? நிலம் யார் பேர்ல இருக்கோ அவருக்கு. உழுதவனுக்கு இல்ல.

எங்க நிலம் இன்னும் அப்பா பேர்லதான் பட்டா. அவர் காலமாகி ஆறு வருஷம். அதனால எனக்கு வாரிசுச் சான்று, தம்பியோட சம்மதக் கடிதம், ஆதார் நகல்னு ரெண்டு மாசம் அலைச்சல். எனக்காவது தம்பி கையெழுத்துப் போட்டான். டீக்கடையில ஏழரைன்னு சிரிக்க வச்ச பெரியப்பாவைப் பாருங்க. ஒன்பது மா, அதாவது மூணு ஏக்கர் குத்தகைக்குப் பார்க்குறார். சொந்தக்காரர் குடும்பம் சென்னையில. இருபது வருஷமா வாய்ப்பேச்சுக் குத்தகைதான். எழுத்து கிடையாது. வருஷம் தப்பாம குத்தகை நெல்லு போய்ச் சேர்ந்துடும்.

அந்த பிப்ரவரியில அவரோட மூணு ஏக்கரும் படுத்துச்சு. கணக்கெடுத்தாங்க. பாதிப்பு 33-க்கு மேலன்னு எழுதினாங்க. மூணு ஏக்கருக்கு 24,000 ரூபாய்க்கு மேல வந்துச்சு. சென்னையில இருக்குற நிலத்துக்காரர் வங்கிக் கணக்குக்கு வந்துச்சு. பெரியப்பாவுக்கு விஷயமே தெரியாது. எனக்குப் பணம் ஏறினதைச் சொன்னப்பதான் அவர் போன் போட்டுக் கேட்டிருக்கார். அந்தப் பக்கம் நல்லவிதமாத்தான் பேசினாங்களாம். "வந்திருக்குங்க, அடுத்த குத்தகையில பார்த்துக்கலாம்" என்றாங்களாம். அடுத்த குத்தகையில மூணு மூட்டை கழிச்சுக்கிட்டாங்க. மூணு மூட்டை! விதை பெரியப்பாவோடது, நடவுக்கூலி பெரியப்பாவோடது, உரக்கடைப் பாக்கி பெரியப்பாவோடது. நிவாரணம் மட்டும் வேறொருத்தரோடது.

நிலத்துக்காரரை நான் திட்ட வரல. அவர் கேட்டு வாங்கல, அரசாங்கமே தேடிப்போய்க் கொடுத்துச்சு. கொடுக்குற கை எங்கே கொடுக்கணும்னு பார்க்க வேண்டாமா?

"வாய்ப்பேச்சுக் குத்தகையை எப்படி நம்புறது, ஆளுக்கு ஆள் நான்தான் உழுதேன்னு வந்து நிற்பாங்களே" என்று கேட்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனா எங்க ஊர்ல எந்த வயலை யார் உழுறாங்கன்னு தெரியாத ஆள் ஒருத்தர்கூட கிடையாது. கொள்முதல் நிலையத்துக்கு நெல்லு கொண்டுபோகணும்னா, குத்தகைக்காரர் சாகுபடி பண்றார்னு வி.ஏ.ஓ. எழுதிக் கொடுக்குறார். நெல்லு வாங்குறதுக்குத் தெரியுற குத்தகைக்காரன், நெல்லு அழுகினா மட்டும் ஏன் கண்ணுக்குத் தெரியாமப் போறான்?

எழுத்துல போட நிலத்துக்காரங்க பயப்படுறதுக்கும் காரணம் இருக்கு. 1955-ல வந்த குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துல பேர் ஏறிட்டா நிலத்தைத் திரும்ப வாங்க முடியாதுங்கிற பயம். 1969-ல குத்தகைப் பதிவுக்குன்னே தனிச் சட்டம் வந்துச்சு. ஆனாலும் எங்க பக்கம் பாதிக்கு மேல வாய்ப்பேச்சுதான் ஓடுது. அதனால நிலத்து உரிமையையும் நிவாரண உரிமையையும் தனித்தனியாப் பிரிக்கணும். ஆந்திராவுல 2019-ல சாகுபடியாளர் உரிமைச் சட்டம்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. பதினோரு மாசத்துக்கு ஒரு அட்டை. அதை வச்சுப் பயிர்க்கடன், காப்பீடு, இடுபொருள் மானியம் வாங்கலாம், நிலத்து மேல உரிமை கேட்க முடியாது. அதுலயும் நிலத்துக்காரர் கையெழுத்து வேணும்னு வச்சதால பல பேருக்கு அட்டை கிடைக்கலைங்கிற குறை இருக்கு. இருந்தாலும் வழி ஒண்ணு யோசிச்சிருக்காங்க. நாம அந்தக் கையெழுத்துக்குப் பதிலா கிராம சபைன்னு வச்சா என்ன கெட்டுப்போகும்?

"அதான் பயிர்க் காப்பீடு இருக்கே, பிரீமியம் கட்டுங்க" என்று சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டுறோம். சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில ஒன்றரை சதவீதம் எங்க பங்கு. ஆனா அதுல பெரும்பாலும் என் வயலைத் தனியாப் பார்க்குறதில்ல. ஊர்ல குலுக்கல் மாதிரி சில வயலைத் தேர்ந்தெடுத்து, அளந்து அறுத்துப் பார்த்து, அந்தச் சராசரியை மொத்த ஊருக்கும் போடுவாங்க. பழைய ஏழு வருஷத்துல நல்ல அஞ்சு வருஷ மகசூலோட அதை ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. மேட்டு வயல்ல அறுத்துப் பார்த்தா, பள்ளத்து வயலுக்கும் பூஜ்யம். ஏழு வருஷத்துல ரெண்டு மோசமான வருஷத்தைக் கழிச்சிடுவாங்க, சரி. நாலு வருஷம் மோசமாப் போனா? மீதி ரெண்டும் சராசரியைக் கீழே இழுத்துரும். அடிக்கடி அடிபடுற ஊருக்கு, அடிபட்டதாலயே காப்பீடு குறையும்.

சும்மா திட்டிட்டுப் போனா "இவனுக்கு இதே வேலை" என்பீங்க. அதனால கேட்க வேண்டியதை எழுதிடுறேன்.

தொகையை அறிவிக்கும்போது அது எந்தச் செலவுக் கணக்கை வச்சு வந்துச்சுன்னு சொல்லணும். குறைஞ்சபட்சம் உழவு, விதை, உரம், மருந்து, நடவுக்கூலி இந்த அஞ்சாவது கவர் ஆகணும். மழைக்கு ஒரு ரேட்டு, வறட்சிக்கு ஒரு ரேட்டுங்கிறது ஒழியணும். ஹெக்டேரோட சேர்த்து ஏக்கர்லயும் சொல்லணும், அப்பத்தான் ஊர் உலகத்துக்கு உண்மை தெரியும்.

33-க்கு ஒண்ணு, 60-க்கு ஒண்ணு, முழுசாப் போனதுக்கு ஒண்ணுன்னு படிப்படியா வைக்கணும். விவசாயி தன் செல்போன்ல இடமும் தேதியும் தெரியுற மாதிரி எடுத்த படத்தை ஏத்துக்கணும். படம் அனுப்பின மறுநாளே அறுக்க அனுமதி வேணும். தேறுற நெல்லாவது தேறட்டும்.

கணக்கெடுத்த பட்டியலைப் பணம் போடுறதுக்கு முன்னாடியே ஊராட்சி பலகையில ஒட்டணும். சர்வே எண், பரப்பு, சதவீதம், உழுறவர் பேரு நாலும் இருக்கணும். கிராம சபையில வாசிக்கணும். தப்பிருந்தா அங்கேயே ஊர் சொல்லும். பணம் உழுதவர் கணக்குக்குப் போகணும்.

இதுல எதுக்கும் கோடி கோடியாச் செலவு இல்ல. தொகையை ஏத்துறதுக்கு மட்டும்தான் காசு வேணும். மத்ததுக்கெல்லாம் மனசு இருந்தாப் போதும்.

நேத்து சாயங்காலம் பெரியப்பா வயலுக்குப் போயிருந்தேன். இந்த வருஷ சம்பா பச்சையா நிக்குது, தொண்டைக்கதிர் சமயம். மேற்கே கருக்கல் கட்டியிருந்துச்சு. ரெண்டு பேரும் வரப்புல நின்னு மேகத்தையே பார்த்துக்கிட்டிருந்தோம்.

"பெய்ஞ்சு தொலைச்சா என்னப்பா பண்றது?" என்றார்.

"நிவாரணம் வரும் பெரியப்பா" என்றேன், கிண்டலாத்தான்.

அவர் கிண்டலா எடுத்துக்கல. வயலைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "வரும். சென்னைக்கு வரும்."

உங்க ஊர்ல நிவாரணப் பட்டியலை யாராவது கண்ணால பார்த்திருக்கீங்களா? பார்த்திருந்தா, அதுல உழுதவன் பேரு இருந்துச்சான்னு எழுதுங்க. அடுத்த கிராம சபையில நான் கேட்கப் போறேன். நீங்களும் உங்க ஊர்ல கேளுங்க.